கொடையும் கடப்பாடும்: பனிமலைத் தொண்டர் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் தன் விருப்பினாற் செய்யும் உதவி, விதிகளாலும் பரீட்சைகளாலும் முறைநாட் பட்டியலாலும் பிணிக்கப்பட்ட பின்னரும் கொடையாகவே நிற்குமா என்பது அறவியலிற் பழைய வினா. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாகப் பிரித்து வைத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. இல்லாதவன் ஒருவனுக்குக் கொடுப்பது ஈகை. தான் வாழும் உலகின் நடையறிந்து அதற்குப் பயன்பட வாழ்வது ஒப்புரவு. முன்னையது ஒரு செயல், பின்னையது ஓர் ஒழுகலாறு. செயல் ஒழுகலாறாக மாறும்போது அதிற் கூடுவது யாது, குறைவது யாது என்பதை நூல்களை மட்டும் வைத்து ஆராய்வதிலும், தொண்டு ஒன்று தோன்றி வளர்ந்து நிறுவனமாகிச் சிக்கலுற்ற வரலாற்றின் வழியே ஆராய்வது தெளிவு தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பனிச்சறுக்கு விளையாட்டு நிகழும் மலைகளில், விழுந்து காயமுற்றோரை மீட்கும் தொண்டர் ரோந்து அணிகள் அத்தகைய வரலாறு உடையன. பனியையே கண்டிராத வாசகருக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆயின் சிரமதானம் என்ற சொல்லைப் பாடசாலைப் பருவம் முதல் கேட்டுப் பழகிய சமூகத்துக்கு இதன் உட்பொருள் அவ்வளவு தொலைவானதன்று.

1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேர்மொண்ட் மாநிலத்து ஸ்ரோ என்னும் ஊரை அடுத்த மான்ஸ்பீல்ட் மலையிற் சறுக்கி வந்த சார்ள்ஸ் மைனொட் டோல் என்பவர் விழுந்து கணுக்கால் முறிந்தார். அவர் நியூயோர்க்கிற் காப்புறுதித் தொழில் செய்தவர். உடன் வந்த நண்பர் உதவி தேடிச் சென்றார். ஆனால் அந்த மலையில் உதவி என்று சொல்லத்தக்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. நெடுநேரம் குளிரிற் கிடந்தபின் கூரைத்தகரத் துண்டொன்றிற் கிடத்தப்பட்டு அவர் கீழே இழுத்துவரப்பட்டார். இழுத்து வந்தவர்களுள் ஒருவரான பிராங்ளின் எட்சன் அதே ஆண்டிற் சறுக்கோட்டப் போட்டியொன்றில் மரத்தில் மோதி இறந்தார். நியூயோர்க்கின் சறுக்குக் கழகமொன்றை நடத்திய றோலண்ட் பல்மெடோ, இத்தகைய விபத்துகளை ஆராயும் குழுவொன்றை டோலின் தலைமையில் அமைத்தார். வீரத்துக்குரிய விளையாட்டிற் கோழைத்தனத்தைப் புகுத்துவதாக அக்குழுவை ஏளனஞ் செய்தோரும் இருந்தனர். 1938இல் அதே மலையில் நடைபெற்ற தேசியப் போட்டியில் ரோந்து அணியின் பணியைக் கண்ட தேசியச் சறுக்குச் சங்கத் தலைவர் றொஜர் லாங்லி, நாடு முழுவதற்குமான அணியொன்றை அமைக்குமாறு டோலைக் கேட்டுக்கொண்டார். தேசியப் பனிச்சறுக்கு ரோந்து அமைப்பு அவ்வாறு பிறந்தது.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. டோல் கிடந்த மலையில் இரக்கமற்றவர் எவரும் இருக்கவில்லை. நண்பர் இருந்தனர், அவர்தம் அன்பு ஐயத்துக்கு இடமற்றது. இல்லாதிருந்தவை முறிந்த காலை அசையாது வைத்துக் கட்டும் மட்டையும், மனிதனைக் கிடத்தி இறக்குவதற்கான சறுக்குவண்டியும், இவற்றைக் கையாளப் பழகிய கையும் ஆகும். அறநூல்கள் பெரும்பாலும் உள்ளத்தைப் பற்றியே பேசுகின்றன. உள்ளம் நிறைந்திருந்தும் கை வெறுமையாக நிற்கும் நிலையைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. மழை கைம்மாறு வேண்டாதது என்பது உண்மையே. எனினும் மழையின் வண்மையை நம்பி மட்டும் உழவன் இருந்துவிடுவதில்லை, குளங்கட்டி வைக்கிறான். வன்னி நிலத்தில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. தொண்டு நிறுவனமாவதைத் தொண்டின் வீழ்ச்சி என்று எடுத்த எடுப்பிலேயே கூறுவோர், குளத்தை மழையின் வீழ்ச்சி என்று கூறுவோரை ஒத்தவராவர்.

ரோந்து அணியின் ஒரு பருவம் எவ்வாறு கழிகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்கலாம். பருவம் பனியோடு தொடங்குவதில்லை. இலையுதிர் காலத்திலேயே உறுப்பினர் மீள்பயிற்சிக்கு வந்தாக வேண்டும். புதிதாகச் சேர்பவர் அதற்கு முன்னரே பல மாதங்கள் மாலை வேளைகளில் வகுப்பிருந்து குருதிப்பெருக்கு, எலும்புமுறிவு, தலைக்காயம், குளிரால் உடல் விறைத்தல் ஆகியவற்றைக் கற்று, எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் தேறவேண்டும். ஆரம்பத்திற் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியே போதுமெனக் கருதப்பட்டது. 1980களில் அமைப்பு தனக்கெனவே வெளிக்கள அவசர சிகிச்சைப் பாடநெறியொன்றை வகுத்துக்கொண்டது. அப்பாடநெறி ஆண்டுதோறும் பகுதி பகுதியாக மீட்கப்பட்டு, மூன்றாண்டுகளில் முழுவதும் ஒருமுறை கடக்கப்படுகின்றது. இதயம் நின்றவனை மீட்கும் பயிற்சியும், கம்பியிற் செல்லும் நாற்காலிகள் நடுவழியில் நின்றுவிட்டாற் பயணிகளைக் கயிற்றால் இறக்கும் பயிற்சியும் தனியே உண்டு. பனிப்பலகையும் காலணியும் பெரும்பாலும் சொந்தச் செலவு. சங்கத்துக்கு ஆண்டுச் சந்தாவும் கட்டவேண்டும். உழைப்பதற்குப் பணம் பெறாதது மட்டுமன்றி, உழைக்கும் உரிமைக்குப் பணம் கொடுப்பவர் இவர்.

பனி விழுந்தபின் அவர்களது நாள் ஏனையோரின் நாளுக்கு முன்னர் தொடங்குகிறது. விளையாட வருவோர் மலையேறுமுன் ரோந்தர் ஏறி, சரிவுகளைப் பார்வையிட்டு, பாறை தலைகாட்டும் இடங்களில் மூங்கிற்கழி நாட்டி, ஆபத்தான பாதைகளைக் கயிறிட்டு மறிப்பர். பகற்பொழுதில் மலையுச்சிக் குடிலிற் காத்திருப்பதே பெரும்பாலான வேலை. அழைப்பு வரும்போது இரு கைப்பிடிகளுக்கு நடுவே நின்று, காயமுற்றவனைக் கிடத்திய வண்டியைத் தன் பின்னால் வைத்துச் செங்குத்தான சரிவில் இறக்கவேண்டும்; சறுக்கினால் வண்டி தன்மேலேயே வந்து விழும். மாலையில் யாவரும் இறங்கியபின், மலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, இடையிடையே நின்று குரல் கொடுத்து, பதிற்குரல் ஏதும் வருகின்றதா எனச் செவிகொடுத்து, எவரும் விடப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டே அவர்கள் கடைசியாக இறங்குவர். பெரும்பாலான மாலைகளில் அக்குரலுக்கு மறுமொழி கிடைப்பதில்லை. மறுமொழி கிடையாதென்று ஏறத்தாழத் தெரிந்திருந்தும் ஒவ்வொரு மாலையும் நின்று கேட்பதில்தான் இத்தொண்டின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் அடிப்படைகள் பற்றிய நூலிற் கடமைகளை இருவகைப்படுத்துகிறார். பிறர்க்கு உதவுதல் கடமையே. ஆயினும் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பன உதவுவோனின் தேர்வுக்கு விடப்பட்டுள்ளன. இது நெகிழ்ச்சியுடைய கடமை. கொடுத்த வாக்கைக் காத்தல் அத்தகையதன்று. மனநிலையையும் வானிலையையும் பார்த்து அதனைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இது நெகிழ்ச்சியற்ற கடமை. ரோந்துத் தொண்டர் சனிக்கிழமை முறைக்குப் பெயரிடும்போது நிகழ்வது, நெகிழ்ச்சியுடைய கடமையொன்றை அவர் தம் கையாலேயே நெகிழ்ச்சியற்ற கடமையாக மாற்றிக்கொள்வதாகும். அன்று பெருங்குளிராயினும், வீட்டில் விருந்தினர் வந்திருப்பினும், அவர் போகவேண்டும். 'தொண்டர்தானே, வராவிட்டால் என்ன?' என்ற பேச்சு எந்தச் சங்கத்திலும் கேட்பது. பல்கலைக்கழகச் சங்கங்களின் செயற்குழுக் கூட்டங்களிற் சற்று அதிகமாகவே கேட்பது. அப்பேச்சு இந்த மாற்றத்தை உணராததனால் எழுவது. தொடங்குவதற்கே தொண்டருக்குச் சுதந்திரம் உண்டு. தொடங்கியபின் அவரை நம்பி ஒருவன் மலையேறியிருக்கிறான்.

இங்கே எழக்கூடிய மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. விதிக்கு அஞ்சியும், நீக்கப்படுவோமோ என்று கருதியும் செய்யும் உதவி எங்ஙனம் கொடையாகும்? பல மலைகளில் தொண்டருக்கு இலவச நுழைவுச் சீட்டு கிடைக்கிறது. அதற்காகவே சேர்வோரும் இருக்கலாம். இதற்கு விடையாக, காலொடிந்து கிடப்பவனின் நிலையிலிருந்து நோக்குமாறு கூறலாம். தன்னை நோக்கி வருபவன் சீட்டுக்காகச் சேர்ந்தானா, இரக்கத்தாற் சேர்ந்தானா என்று அவன் கேட்பதில்லை. வருவானா, வந்தபின் தன் முதுகெலும்பை அசைக்காது தூக்கத் தெரிந்தவனா என்பதே அவன் கேள்வி. உள்நோக்கின் தூய்மை கொடுப்பவனின் ஆன்ம கணக்குக்கு உரியது. நம்பகத்தன்மை பெறுபவனுக்கு உரியது. இரண்டுள் ஒன்றையே பேணமுடியுமெனின், பின்னையதைப் பேணும் நிறுவனத்தைக் குறைகூற இடமில்லை.

நல்ல சமாரியனின் உவமை இவ்விடத்திற் புதிய பொருள் தருகிறது. எரிகோவுக்குச் செல்லும் வழியிற் கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு இரங்கிய சமாரியனை யாவரும் போற்றுவர். அவன் தற்செயலாக அவ்வழியே வந்தவன். மறுநாள் அதேயிடத்தில் வேறொருவன் அடிபட்டிருந்தால் அவனுக்கு யார்? ரோந்து அணி, தற்செயலை நீக்கிய சமாரியன் எனலாம். வாரந்தோறும் அதே வழியிற் சென்று காத்திருக்கும் சமாரியன். இன்னொன்றும் அவ்வுவமையில் உண்டு. சமாரியன் காயமுற்றவனை விடுதியொன்றிற் சேர்த்து, விடுதிக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்து, மேலுஞ் செலவானாற் திரும்பி வரும்போது தருவதாகவும் கூறுகிறான். பிரசங்கங்களில் விடுதிக்காரன் கவனிக்கப்படுவது அரிது. இரவு முழுவதும் பார்த்துக்கொள்ளப் போகிறவன் அவனே. அவன் கூலி பெற்றான் என்பதால் அவன் பராமரிப்புப் பொய்யாகிவிடவில்லை. சமாரியனும் தன் கொடையைக் காட்டி விடுதிக்காரனையும் இலவசமாக உழைக்குமாறு கேட்கவில்லை.

விடுதிக்காரனை நினைவிற்கொண்டே ரோந்து அமைப்பின் பிற்கால மாற்றங்களை நோக்கவேண்டும். முதல் மாற்றம் போரோடு வந்தது. இரண்டாம் உலகப்போரிற் பனிமலைப் படையொன்று தேவையென அமெரிக்க இராணுவத்தை டோல் வற்புறுத்தி இணங்கச் செய்தார். அப்படைக்கு ஆட்சேர்க்கும் பொறுப்பு அவரது அமைப்புக்கே வந்தது. விண்ணப்பிப்போர் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கொண்டுவர வேண்டியிருந்தது. பத்தாவது மலைப்படைப்பிரிவு எனப் பின்னர் அறியப்பட்ட அப்படை 1945இல் இத்தாலிய மலைகளிற் போரிட்டு ஏறத்தாழ 1,000 பேரை இழந்தது. உயிர் மீட்கத் தோன்றிய தொண்டர் அமைப்பு உயிர் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் தேடித் தந்தமை தனியே ஆராயவேண்டிய பொருள். 1980இல் அமெரிக்கக் கொங்கிரஸ் இவ்வமைப்புக்குக் கூட்டாட்சிப் பட்டயம் வழங்கியது. இன்று அதன் உறுப்பினர் 30,000 பேருக்கு மேற்பட்டோர். தொண்டரோடு சம்பளம் பெறுவோரும் அதில் உள்ளனர்.

இவற்றினும் ஆழமான மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. டோலின் காலத்தில் மலை பெரும்பாலும் விளையாடுவோரின் மலை. காயமுற்றவனும் மீட்டவனும் ஒரே கழகத்தின் தோழர். பின்னர் கம்பி நாற்காலிகளும் விடுதிகளும் நுழைவுச் சீட்டும் வந்து, மலை ஒரு கம்பனியின் தொழிற்களமாயிற்று. பயிற்சியையும் தகுதிச் சான்றையும் சங்கம் வழங்குகிறது. ஆனால் மலையில் நிற்கும்போது தொண்டர் அந்நிலையத்தின் நிருவாகத்துக்குக் கீழ்ப்பட்டவர். காயமுற்றவன் சீட்டு வாங்கிய வாடிக்கையாளன். அவனைப் பாதுகாப்பாக இறக்குவது கம்பனி விற்கும் பண்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. தொண்டர் முன்னர் செய்ததையே இன்றும் செய்கிறார். அதே வண்டி, அதே கைப்பிடி. ஆயினும் அவர் கொடுக்கும் கொடை போய்ச் சேரும் இடம் இரண்டாகிவிட்டது. ஒரு பகுதி பனியிற் கிடப்பவனுக்கு. மறு பகுதி, கொடுக்கவேண்டிய சம்பளத்தைக் கொடாது மிச்சப்படுத்தும் கணக்குப் புத்தகத்துக்கு.

ரோந்து அமைப்பு பிறந்த அதே 1938இல்தான் அமெரிக்காவிற் குறைந்தபட்ச ஊதியத்தை நிலைநாட்டிய நியாய தொழில்நியமச் சட்டமும் நிறைவேறியது. இலாபநோக்குடைய தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் ஊதியமின்றித் தொண்டராக உழைப்பதை அச்சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. காரணம் எளிது. இலவசமாக உழைக்க வசதியுள்ள ஒருவன், உழைத்தே உண்ணவேண்டிய மற்றொருவனின் கூலியைத் தாழ்த்துகிறான். பிரித்தானிய சமூகவியலாளர் றிச்சாட் ரிற்மஸ், குருதித்தானம் பற்றி 1970இல் வெளியிட்ட நூலில், சந்தை நுழையுமிடத்திற் கொடை நலிவுறும் என வாதிட்டார். குருதியைப் பொறுத்தவரை அவ்வாதம் வலிமையானது. பனிமலை அதன் மறுதலையைக் காட்டுகிறது: கொடை நுழையுமிடத்திற் கூலி நலிவுறலாம். ரிற்மஸின் வாதத்தை மேற்கோளாக எடுத்தாள்வோர் இம்மறுபக்கத்தை எண்ணாது விடுவது வியப்புக்குரியது.

இது வெறுங் கற்பனையன்று என்பதற்கு அண்மைய நிகழ்வொன்று சான்று. 2024 டிசெம்பர் 27ஆந் திகதி, யூற்றா மாநிலத்துப் பார்க் சிற்றி மலையில் ஏறத்தாழ 200 ரோந்தர் வேலைநிறுத்தத்திற் குதித்தனர். இவர்கள் சம்பளம் பெறுவோர், தொழிற்சங்கமாக அணிதிரண்டவர். ஆரம்ப ஊதியம் மணித்தியாலத்துக்கு 21 டொலரிலிருந்து 23 டொலராக உயரவேண்டும் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கை. விடுமுறைக் காலக் கூட்டம் நிறைந்த மலையிற் பெரும்பகுதி மூடிக்கிடந்தது. மலையை நடத்திய வெயில் றிசோட்ஸ் நிறுவனம் தன் ஏனைய மலைகளிலிருந்து ரோந்து மேலாளரை வரவழைத்தது. 2025 ஜனவரி 8ஆந் திகதி உடன்பாடு கண்டு வேலைநிறுத்தம் முடிவுற்றது. ஆரம்ப ஊதியம் 2 டொலர் உயர்ந்தது. மணிக்கு 2 டொலர் பற்றிய பிணக்கு அவ்வளவு பெரிய மலையை ஏறத்தாழ முடக்க முடிந்ததெனின், அவ்வுழைப்பின் உண்மைப் பெறுமதி யாது என்பதும் அதனாற் புலப்படுகிறது.

இனி, சம்பளம் பெறும் ரோந்தரும் தொண்டரும் ஒருங்கே பணிபுரியும் மலையொன்றில் இத்தகைய வேலைநிறுத்தம் நிகழ்வதாகக் கொள்வோம். சனிக்கிழமை முறைக்குப் பெயர் கொடுத்த தொண்டர் போவதா, விடுவதா? வாக்கு நெகிழ்ச்சியற்ற கடமை என்று முன்னர் கூறப்பட்டது. அவ்வாறாயின் போகவேண்டும் என்றே முதலிற் தோன்றும். அவர் போனால் மலை திறக்கப்படும்; திறந்தால் கம்பனி பேரம் பேச அவசரப்படாது; பருவம் முழுவதும் தம்மோடு வண்டி இழுத்த தோழர் வெளியே பதாகையோடு நிற்பர். ஆகவே அவ்வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டாக வேண்டும். நிருவாகத்தின் பட்டியலிற் பெயர் எழுதப்பட்டது உண்மை. ஆயினும் பட்டியலுக்காக எவரும் பல மாதம் எலும்புமுறிவு படிப்பதில்லை. வாக்கு பனியில் விழப்போகிறவனுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த மனிதனோ, மலை திறக்கப்பட்டாலன்றித் தோன்றாதவன். வெள்ளத்திலோ தீயிலோ அகப்பட்டவனின் நிலை வேறு: அங்கே தொண்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஆபத்து உண்டு. மூடிய மலையில் எவரும் விழுவதில்லை. ஆகையால் மலை திறக்கப்படாதிருக்குமாறு தொண்டர் விலகி நிற்பது, விழப்போகிறவனுக்குக் கொடுத்த வாக்கை முறிப்பதாகாது.

சிக்கல் இதனோடு தீர்ந்துவிட்டால் நன்று, தீரவில்லை. போதிய ரோந்தர் இன்றியே கம்பனி மலையைத் திறந்துவிட்டால்? சீட்டு வாங்கிய குடும்பம் இதை அறியாமல் ஏறிவிட்டால்? அப்போது விலகி நிற்கும் தொண்டரின் நியாயம் மேலே கிடக்கும் குழந்தையின் முன் செல்லாது. இரு கடமைகளுக்கும் இடமளிக்கும் வழி ஒன்றுண்டு: மலையைத் திறப்பதற்கான காலைப் பணிகளை, அதாவது கழி நாட்டுதலையும் கயிறிடுதலையும் சரிவைப் பார்வையிட்டுத் திறக்கலாமெனக் கூறுதலையும் தொண்டர் செய்ய மறுக்கலாம், விழுந்தவனை இறக்குவதை மட்டும் மறுக்காதிருக்கலாம். நடைமுறையில் இது கடினமானது. மலையில் நிருவாகத்தின் கட்டளைக்கு உட்பட்டே எவரும் வண்டியைத் தொடலாம். பாதி வேலைக்கு மட்டும் ஆள் தருவதை எந்த நிருவாகமும் விரும்பாது. பனி விழுந்து, சீட்டு விற்று, தோழர் வெளியேறிய பின்னர் இதைப் பேசுவது அதனினும் கடினம். இலையுதிர்கால மீள்பயிற்சியின்போது, மட்டை கட்டவும் வண்டி இறக்கவும் கூடியிருக்கும் தொண்டரும் சம்பள ரோந்தரும் ஒரே மேசையிலிருந்து இதைப் பேசி, எழுதி, நிருவாகத்திடம் கொடுத்துவிடலாம். அவ்வேளையிற் சரிவுகளிற் புல்லே இருக்கும். காயமுற்றோர் எவரும் இருக்கமாட்டார்.